பெட்டியைத் திறக்கும் விளையாட்டு

மகளுக்கு அப்போது 3 வயது 9 மாதம். ஒரு பிற்பகலில் கூடத்தில் தனியாக உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். தன்னிடம் வெகு நாளாக இருந்த மர யானையை ஒரு செய்தித்தாளில் சுற்றினாள். ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்து, "இன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்க்கலாமா?" என்று கேட்டாள். மெதுவாகத் தாளைப் பிரித்தாள். உள்ளே யானையைக் கண்டதும் கன்னங்களில் கை வைத்து வியந்தாள். யானையை ஓரமாக வைத்தாள். அடுத்து ஒரு காரைச் சுற்றினாள், பிரித்தாள், வியந்தாள், ஓரமாக வைத்தாள். அதற்கடுத்து மறுபடியும் அதே யானை.

அரை மணி நேரம் நான் வாசலோரம் நின்று பார்த்தேன். அந்த யானை ஓர் அடி நடக்கவில்லை. எதையும் சுமக்கவில்லை, யாரோடும் பேசவில்லை, தூங்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன் அதே யானைக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. அவள் கைக்குட்டையை நனைத்து அதன் நெற்றியில் போட்டிருக்கிறாள். இப்போது யானை வெளியே வந்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது.

அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. பொம்மைப் பெட்டிகளைப் பிரித்துக் காட்டும் வீடியோக்கள். அவற்றை நான் தீங்கற்றவை என்று நம்பியிருந்தேன். அடிதடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, பயமுறுத்தும் முகங்கள் இல்லை. ஒரு ஜோடிக் கைகள், ஒரு பெட்டி, இனிமையான ஒரு குரல். ஒரு பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அதை அடித்தார்கள் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1961இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தவள்தான் நான். குழந்தை பார்த்ததைச் செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவை வன்முறைக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தேன். வாங்குவதையே நாள்தோறும் பார்க்கும் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் திரை நுழைந்தது சாப்பாட்டு வேளையில். அவளுக்கு 10 மாதம் இருக்கும்போது, ஒரு வாய் ஊட்டுவதற்கு நான் பட்ட பாட்டைப் பார்த்து யாரோ ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்கள். வாய் தானாகத் திறந்தது. கிண்ணம் காலியானது. அன்று நான் அடைந்த நிம்மதி இன்றும் நினைவில் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. தூக்கமில்லாத தாய்க்கு அந்த நிம்மதி சாதாரணமானது அல்ல. குழந்தைக்குப் போனைக் கொடுக்கிற பெற்றோரைப் பழிப்பவர்கள் அந்தப் பத்து நிமிட அமைதிக்கு அவர்கள் எவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்பதை அறியாதவர்கள்.

ஒரு வாய்க்கு ஒரு பாட்டு என்று தொடங்கியது ஒரு வேளைக்கு ஐந்து பாட்டு என்றானது. பிறகு தலை வாருவதற்கு, நகம் வெட்டுவதற்கு, நான் குளிப்பதற்கு, அழுகையை நிறுத்துவதற்கு.

இரண்டாவது பிறந்த நாள் கடந்தபோது அவள் நிறங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வாள், எண்களைப் பாடுவாள். வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் தாகமாக இருந்தால் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குவளையின் முன் நிறுத்துவாளே தவிர, "தண்ணீர்" என்று கேட்க மாட்டாள். பாட்டில் வரும் சிவப்பு அவளுக்குத் தெரியும். கையில் இருக்கும் சிவப்பு மூடியைக் காட்டி என்ன நிறம் என்றால் பேசாமல் இருப்பாள். குழந்தை மருத்துவர் முதலில் செவித்திறன் சோதனைக்கு அனுப்பினார். பேச்சு தாமதமாகிறது என்று சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். திரையைக் குற்றம் சொல்லிக்கொண்டு இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காது நன்றாக இருந்தது. பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனோம். மகளின் பேச்சு தாமதமானதற்குத் திரைதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். பேச்சுத் தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்கிறாள்?" என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்து, உண்மையைவிடச் சற்றுக் குறைவான ஒரு கணக்கைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு: "அவள் பார்க்கும்போது அவளோடு யார் பேசுகிறார்கள்?"

என்னிடம் பதில் இல்லை.

ஏன் அப்படிக் கேட்டார் என்பதை ஓர் ஆய்வைக் கொண்டு அவர் விளக்கினார். பாட்ரிசியா கூல் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியை 12 அமர்வுகளில் கேட்க வைத்தார்கள். சில குழந்தைகளுக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து, பொம்மைகளைக் காட்டி, புத்தகம் படித்துப் பேசினார். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசியதை வீடியோவாகக் காட்டினார்கள். எதிரே ஆள் இருந்து பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். வீடியோ பார்த்தவர்கள் கற்றுக்கொள்ளவில்லை. அதே முகம், அதே குரல், அதே சொற்கள். ஆனால் திரையில் இருப்பவர் குழந்தை எங்கே பார்க்கிறது என்று பார்ப்பதில்லை. குழந்தை ஒரு சத்தம் எழுப்பினால் நிறுத்திக் காத்திருப்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் குழந்தையோடு யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள்? எதற்காகப் பேசுகிறார்கள்? நேரக் கணக்கைவிட இந்த இரண்டு கேள்விகள்தான் எங்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளும் உதவின. நேரக் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்கு உட்கார்ந்து பார்க்கும் திரை நேரம் பரிந்துரைக்கப்படவில்லை; 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. நல்ல வரம்புதான். ஆனால் வரம்பைச் சுவரில் எழுதி ஒட்டியதால் எங்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை.

மாற்றியது ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு வாரத்துக்கு, எப்போது திரையைக் கொடுத்தோம், என்ன ஓடியது, ஏன் கொடுத்தோம் என்று மூன்று பத்திகளில் எழுதினேன். எதையும் குறைக்கவில்லை, எழுத மட்டுமே செய்தேன். வார முடிவில் மூன்றாவது பத்தியைப் படித்தபோது, அவள் கேட்டதால் கொடுத்த இடங்கள் மிகக் குறைவு என்று தெரிந்தது. சமையல், அலுவலக அழைப்பு, அவசரமாக வெளியே கிளம்புவது, எனக்குத் தலைவலி. தேவை என்னுடையதாகவே இருந்தது. என் கணவர் அந்த நோட்டில் நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்த்தார்: அந்த நேரத்தில் நம் கையில் என்ன இருந்தது? அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திரையைக் குறைக்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த நோட்டைத்தான். மணிக்கணக்கில் வெட்டாதீர்கள், காரணங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு காரணம் முழுமையாகப் போன பிறகு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திய இரண்டு முயற்சிகள் எங்கள் வீட்டில் நான்கு நாட்களைத் தாண்டவில்லை.

முதலில் சாப்பாட்டை எடுத்தோம். முதல் மூன்று நாட்கள் கடினமாக இருந்தன. அவள் தட்டைத் தள்ளினாள். அழுதாள். இரண்டாம் நாள் இரவு ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடவில்லை. என் அத்தை அப்போது எங்களோடு இருந்தார். பேத்தி அழுவதைப் பார்க்க முடியாமல், "பிள்ளை பட்டினி கிடக்கிறாளே, ஒரு பாட்டைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?" என்றார். அவர் சொன்னதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. "அத்தை, அந்தப் பாட்டை நீங்களே பாடுங்கள்" என்றேன். அவர் பாடினார். இடையில் வரிகளை மறந்து, தானாகச் சில சொற்களைப் போட்டு நிரப்பினார். மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, பாட்டு தப்பு என்று கையை ஆட்டினாள். அத்தை வேண்டுமென்றே இன்னொரு தப்புச் சொல்லைப் போட்டார். குழந்தை சிரித்தாள். அன்று அவள் தானாக ஐந்தாறு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். ஒரு திரை ஒருபோதும் வரியை மறப்பதில்லை. அதனால் குழந்தை அதைத் திருத்தவும் முடிவதில்லை.

நான்காம் நாளுக்குப் பிறகு பசித்தபோது சாப்பிட்டாள், வயிறு நிறைந்தபோது நிறுத்தினாள். முன்பைவிட அளவு குறைவுதான். அது எனக்கு முதலில் கவலையாக இருந்தது. எடை சரியாகவே இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான், முன்பு அவள் சாப்பிட்டது பசியின் அளவு அல்ல, வீடியோவின் நீளம் என்பது புரிந்தது.

அடுத்து, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி. எங்கள் கூடத்தில் செய்தி எப்போதும் ஓடும். குழந்தை அதைப் பார்ப்பதில்லை என்பதால் அது கணக்கிலேயே இல்லை. 2009இல் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழுவினர், 2 மாதம் முதல் 4 வயதுவரையான 329 குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து நாள் முழுவதும் பதிவு செய்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தையின் காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சராசரியாக 770 குறைந்தன. குழந்தை எழுப்பும் ஒலிகளும் குறைந்தன. இதை நானே சோதித்துப் பார்க்க நினைத்து, ஒரு மாலை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடங்கள் வீட்டில் சங்கடமான அமைதி. பிறகு மாமனார் எதையோ சொல்லத் தொடங்கினார். அத்தை மறுத்தார். குழந்தை இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மாலை எங்கள் வீட்டில் பேசியது எல்லாம் எங்கள் வீட்டு ஆட்களின் குரல்.

நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய போராட்டம். "இன்னும் இரண்டு நிமிடம்தான்" என்று முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்துவது நல்ல பழக்கம் என்று நம்பிப் பல மாதங்கள் அப்படியே செய்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு நிமிடம் முழுவதும் அவள் பார்ப்பதை விட்டுவிட்டு அழத் தயாரானாள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் ஹினிகர் உள்ளிட்டோர் 2016இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தேன். 1 முதல் 5 வயதுவரையான குழந்தைகள் திரையை விட்டு வரும் தருணங்களைப் பெற்றோரைக் கொண்டு குறித்து வைத்துப் பார்த்ததில், இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்தபோது நிலைமை மோசமானதாம். நிகழ்ச்சி தானாக முடிந்த இடத்தில் நிறுத்தியபோது குழந்தைகள் எளிதாக எழுந்து வந்தார்கள்.

எங்களுக்கும் அதுவே பலித்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது. "இந்தக் கதை முடிந்ததும்" என்றால் தெரியும். ஆனால் இன்றைய வீடியோக்களில் கதை முடிவதே இல்லை. ஒன்று முடியும் முன்பே அடுத்தது ஓடத் தொடங்குகிறது. தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை எல்லாக் கருவிகளிலும் நிறுத்தினேன். அதன் பிறகு, முடிவு உள்ள இரண்டு நிகழ்ச்சிகளை முன்கூட்டியே பதிவிறக்கி, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுக் காட்டினேன். முடிந்ததும் திரை நின்றுவிடும். நின்றதைத் திரையே செய்தது, அம்மா செய்யவில்லை. செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம், நாங்கள் செய்த மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அழுகையைக் குறைத்தது.

அழுகையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபத்தில் தரையில் புரளும் குழந்தையின் கையில் போனைக் கொடுத்தால் அழுகை நின்றுவிடும் என்பது உண்மை. ஜென்னி ராடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 3 முதல் 5 வயதுவரையான 422 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். அழுகையை அடக்கக் கருவியை அடிக்கடி பயன்படுத்திய வீடுகளில், குழந்தைகளின் உணர்ச்சிக் கொந்தளிப்பு பின்னர் அதிகமாக இருந்தது. ஆண் குழந்தைகளிடம் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. மகளின் கோபத்தின் அருகில் வெறுமனே உட்கார்ந்திருக்க நான் கற்றுக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின. பொது இடத்தில், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்போது, அது இன்றும் எனக்குக் கடினம்.

இனி விளம்பரம். என்னை உண்மையில் கோபப்படுத்தியது இதுதான்.

மகளுக்கு நான்கு வயது நிறைந்த சமயம். படங்களுக்கு வண்ணம் தீட்டும் ஒரு செயலியை இலவசமாக இறக்கிக் கொடுத்திருந்தேன். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கானது என்று அதன்மேல் எழுதியிருந்தது. ஒரு நாள் கண்ணீரோடு ஓடிவந்தாள். "அம்மா, பூனை அழுகிறது. சீக்கிரம் பூட்டைத் திற." திரையைப் பார்த்தேன். ஒரு படத்தின்மேல் பூட்டு இருந்தது. அதைத் திறக்கக் காசு கட்ட வேண்டும். கட்டாமல் விலகியபோதெல்லாம் அந்தப் பூனை தலையைக் குனிந்து கண்ணைக் கசக்கியது. "பூனை நிஜமாக அழவில்லை, கண்ணு. நம்மிடம் காசு வாங்குவதற்காக அப்படி வரைந்திருக்கிறார்கள்" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. அழுகிற பூனையை விட்டுவிட்டுப் போகிறவளாகவே அன்று இரவுவரை என்னைப் பார்த்தாள்.

ஒரு குழந்தையின் இரக்கத்தைப் பிடித்து இழுத்து அவளுடைய தாயின் பணப்பையைத் திறக்க முயன்றிருக்கிறார்கள். இதைப் பெரியவர் ஒருவர் தெருவில் நின்று என் குழந்தையிடம் செய்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? இது எங்கோ ஒரு செயலியின் குறை என்று நினைத்தேன். அப்படி இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர் ஐந்து வயதும் அதற்குக் குறைவானவர்களும் பயன்படுத்தும் 135 செயலிகளைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், 95 சதவீதச் செயலிகளில் ஏதாவது ஒரு வகை விளம்பரம் இருந்தது. விளையாட்டை இடைமறிக்கும் வீடியோக்கள், வாங்கச் சொல்லித் தூண்டும் கதாபாத்திரங்கள், விளையாட்டின் பகுதிபோலவே வேடமிட்ட விளம்பரங்கள் எல்லாம் அதில் அடக்கம். வாங்காவிட்டால் அழும் பாத்திரமும் அவர்கள் கண்ட ஒன்றுதான்.

சிறு குழந்தைக்கு விளம்பரத்தின் முன் ஏன் தற்காப்பு இல்லை என்பதை நான் அந்தப் பூனைக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004இல் தந்த அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. நான்கைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளால் நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்று நிலையாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. அதைப் பிரித்தறிந்த பிறகும், எட்டு வயதுவரை, இதைச் சொல்பவர் தன்னை வாங்க வைப்பதற்காகச் சொல்கிறார் என்ற நோக்கம் புரிவதில்லை. அவர்கள் விளம்பரத்தைச் செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். இது புத்திசாலித்தனத்தைப் பொறுத்ததல்ல; வயதைப் பொறுத்தது. "என் பிள்ளை கெட்டிக்காரன், விளம்பரத்துக்கெல்லாம் மயங்க மாட்டான்" என்று யாராவது சொல்லும்போது இதையே நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் ராபின்சன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஒரு சோதனையும் உண்டு. 3 முதல் 5 வயதுவரையான 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் உறையில், மற்றொன்று உலகெங்கும் தெரிந்த ஓர் உணவக நிறுவனத்தின் சின்னம் உள்ள உறையில். சின்னம் உள்ள உணவே சுவையானது என்று குழந்தைகள் அதிகமாகச் சொன்னார்கள். அந்த நிறுவனம் அப்போது விற்காத கேரட்டிலும்கூட அப்படித்தான். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிகள் அதிகம் இருந்த குழந்தைகளிடம் இந்தச் சாய்வு கூடுதலாக இருந்தது. ஆசையை மட்டும் அல்ல, நாக்கின் சுவையையே விளம்பரம் தொட்டுவிடுகிறது.

சில நாடுகள் இதைச் சட்டத்தால் எதிர்கொண்டிருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரத்துக்கு 1980 முதல் தடை உண்டு. சுவீடன் 12 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரத்தை 1991இல் தடை செய்தது. குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோரின் அனுமதியின்றிச் சேகரித்ததாக எழுந்த வழக்கில் கூகுளும் யூடியூபும் 2019இல் அமெரிக்காவில் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. சட்டங்கள் வேண்டும், இன்னும் கடுமையாக வேண்டும். ஆனால் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தது. பெட்டியைப் பிரிக்கும் வீடியோவில் விளம்பரம் எங்கே தொடங்குகிறது? முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை அதுதான். பேசுவதும் குழந்தைக்குப் பிடித்த ஒரு முகம். தினமும் பார்க்கிற அந்த முகத்தைக் குழந்தை தன் சிநேகிதி என்றே நினைக்கிறது.

பூனைக்குப் பிறகு வீட்டில் செய்தவை: இலவசச் செயலிகளை எல்லாம் நீக்கினோம். விளம்பரமும் உள்ளே வாங்கும் வசதியும் இல்லாத இரண்டை மட்டும் காசு கொடுத்து வாங்கினோம். எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி போனை அமைத்தோம். எந்தச் செயலியையும் அவளுக்குக் கொடுக்கும் முன் அரை மணி நேரம் நானே, வேண்டுமென்றே தவறான இடங்களில் எல்லாம் தட்டி, விளையாடிப் பார்க்கிறேன். "குழந்தைகளுக்கானது" என்ற முத்திரையை நம்பி இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

விளம்பரத்தை முழுவதும் தவிர்க்க முடியாது என்பதும் தெரியும். ஐந்து வயதில் அவளோடு ஓர் ஆட்டம் தொடங்கினேன். ஒரு விளம்பரம் வந்தால் இருவரும் சேர்ந்து பார்ப்போம். "இது யார் பேசுகிறார்? நம்மிடம் என்ன கேட்கிறார்?" முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பொம்மை பேசுகிறது" என்பாள். ஒரு முறை, பறக்கும் குதிரை ஒன்றைப் பார்த்து அதுதான் வேண்டும் என்று பல நாட்கள் கேட்டாள். பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்தோம். பெட்டியைத் திறந்தாள், வியந்தாள், குதிரையை மேலே வீசினாள். அது தரையில் விழுந்தது. இறக்கைகள் அசையவே இல்லை. "பாட்டும் வரவில்லையே" என்று அழுதாள். நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தோம். குதிரை பறக்கும் இடத்தில் நிறுத்தினேன். மேல்மூலையில், குதிரையைத் தாங்கும் மெல்லிய நூலின் நிழலை அவள்தான் கண்டுபிடித்தாள். நூறு முறை விளக்கியிருந்தாலும் அந்த நூலுக்கு ஈடாகாது.

இன்னொன்று, ஆசைத் தாள். எதைப் பார்த்து வேண்டும் என்றாலும், "சரி, அதை வரை" என்பேன். வரைந்து சுவரில் ஒட்டுவோம். மறுப்பும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. ஒரு மாதம் கழித்து இருவரும் அதன் முன் நிற்போம். பலவற்றை இது என்ன படம் என்று அவளே கேட்பாள். ஒரு மாதத்துக்குப் பிறகும் வேண்டும் என்று சொன்னவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம். அப்படித் தப்பிப் பிழைத்த முதல் ஆசை எந்த விளம்பரத்திலும் வராதது: ஒரு உண்மையான கைவிளக்கு. வாங்கிக் கொடுத்தோம். இரண்டு வருடமாகப் போர்வைக்குள் எரிகிறது.

இப்போது நோட்டின் நான்காவது பத்தி. அந்த நேரத்தில் நம் கையில் என்ன இருந்தது என்று என் கணவர் எழுதச் சொன்ன பத்தி. ஒரு வாரத்தில் அதிகமான இடங்களில் எழுதியிருந்தது ஒரே சொல்: போன். உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் செய்த ஒரு சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இரண்டு மூன்று நிமிடங்கள் உட்கார வேண்டும். கைக்குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், குரல் கொடுக்கும். பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த அசையாத முகம் எப்படி இருக்கும் என்று அறிய எனக்குச் சோதனைக்கூடம் தேவைப்படவில்லை. செய்தி படிக்கும் என் முகத்தை என் கணவர் ஒரு படம் எடுத்துக் காட்டினார். பின்னால், சற்று மங்கலாக, மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. மாலை ஆறு முதல் எட்டு வரை எங்கள் போன்கள் வாசலருகே ஓர் அலமாரியில் இருக்கும். அவசர அழைப்பு வந்தால் சத்தம் கேட்கும். படுக்கையறைக்குள் எந்தத் திரையும் போவதில்லை, எங்களுடையதும்தான். இதைப் பல நாட்கள் மீறியிருக்கிறோம். மீறிய நாளில் மகள் அலமாரியைக் காட்டுவாள். அந்த உரிமையை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

எல்லாத் திரையும் போய்விடவில்லை. வெளியூரில் இருக்கும் என் அப்பாவோடு அவள் வீடியோவில் பேசுகிறாள். அவர் கேட்பார், காத்திருப்பார், அவள் காட்டும் எறும்பைக் கண்ணாடி போட்டுப் பார்ப்பார். ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2016இல் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. ஏன் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. மாலையில் ஒரு நிகழ்ச்சியை மூவரும் சேர்ந்து பார்க்கிறோம். காய்ச்சல் நாட்களில் வரம்பு கிடையாது. கடந்த மாதம் எனக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது ஒரே நாளில் மூன்று மணி நேரம் பார்த்தாள். மறுநாள் வழக்கத்துக்குத் திரும்பினோம். குற்ற உணர்ச்சியோடு திரும்பிய நாட்களைவிட இப்படித் திரும்பிய நாட்கள் எளிதாக இருந்தன.

இப்போது அவளுக்கு ஆறு வயது. போன வாரம் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில், பழைய அதே வகை வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிறுமி வரிசையாகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகள் வெகுநேரம் பேசாமல் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, அந்தப் பிள்ளை இதையெல்லாம் வைத்து எப்போது விளையாடும்?" என்று கேட்டாள்.

"தெரியவில்லை. கடைசிவரை பார்க்கலாம்" என்றேன்.

பார்த்தோம். கடைசிப் பெட்டியும் பிரிந்தது. சிறுமி கையசைத்து விடைபெற்றாள். வீடியோ முடிந்தது.

"இன்னொன்று பார்க்கட்டுமா?" என்றாள் மகள்.